கரும்புக்குக் காணி பார்க்க ஒரு தடவை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல்லில் செலவு கட்டுப்படியாகவில்லை, வயலைக் கரும்புக்கு மாற்றலாமா என்று அம்பாறைப் பக்கத்தில் கேட்பவர்கள் உண்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சும்மா கிடக்கும் மேட்டுக்காணியில் கரும்பு வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. இவர்களுக்குக் காணி பார்த்துக் கொடுக்கும் முறை பல இடங்களில் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. வரம்பில் நின்று ஒரு பார்வை, மண்வெட்டியால் ஒரு கொத்து, ஒரு பையில் மேல்மண். பிறகு பீஎச் (மண்ணின் அமில, கார அளவு) 6.5 என்று ஆய்வுகூடத் தாள் வரும். ‘கரும்புக்கு உகந்தது’ என்று கதை முடிந்துவிடும்.

பீஎச் 6.5 கரும்புக்கு நல்ல அளவுதான், மறுக்கவில்லை. ஆனால் 5 முதல் 8.5 வரையிலும்கூடக் கரும்பு சமாளித்துக்கொள்ளும். நம் பகுதியில் கரும்பைக் கெடுப்பது பெரும்பாலும் அது அல்ல. கீழே நிற்கும் தண்ணீர், கீழே கிடக்கும் உப்பு, கீழே இறுகிப்போன படை ஆகிய மூன்றும்தான் கெடுக்கின்றன. மூன்றில் ஒன்றும் அந்த மேல்மண் பையில் அகப்படாது.

நெல் மூன்றரை, நாலு மாதப் பயிர். ஒரு போகம் பிழைத்தால் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். கரும்பு அப்படியல்ல. நட்டதிலிருந்து முதல் வெட்டுக்கே சுமார் ஒரு வருடம் ஆகும். அதன்பிறகு அதே கட்டையில் துளிர்க்கும் மறுதாம்பை மூன்று, நாலு தடவை வெட்டினால்தான் நிலம் பண்படுத்திய செலவும் விதைக்கரும்பின் செலவும் திரும்பி வரும். நாலைந்து வருடம் ஒரே இடத்தில் நிற்கும் பயிர், மண் வழிவிட்டால் ஒரு மீற்றருக்கும் கீழே வேர் விடும் பயிர். அதற்கு ஒன்பது இஞ்சி மண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மாரியில் காணியைப் பார்த்தால் நீர் தெரியும், உப்புத் தெரியாது. மழை உப்பைக் கரைத்துக் கீழே தள்ளிவிடும். அந்த நேரம் எடுத்த மண்ணில் உப்பு குறைவாகத்தான் காட்டும். ஓகஸ்டில் பார்த்தால் இதற்கு நேர்மாறு: கச்சான் காற்றில் நிலம் காயக் காய, கீழிருந்த உப்பு நீரோடு மேலேறி மண்ணின் முகத்தில் வெள்ளையாகப் படியும். ஆனால் குழி உலர்ந்து கிடக்கும், நீர் தேங்குமா என்பது விளங்காது. ஒரு மாதம் காட்டும் பிழையை மற்ற மாதம் மறைத்துவிடுகிறது. அதனால் ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில் ஒரு தடவையும், டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் ஒரு தடவையும் பார்க்க வேண்டும். இந்த ஆறு மாதத் தாமதத்துக்கு யாரும் பொறுமை காட்டுவதில்லை என்பதுதான் கரைச்சல்.

முதல் வேலை, குழி. 1:500,000 அளவிலான மண் வரைபடத்தில் மூன்று ஏக்கர் காணி கால் மில்லிமீற்றர் அகலம்கூட வராது. கல்சியமற்ற கபில மண் என்று அந்தப் படத்தில் நிறம் பூசியிருப்பதை வைத்து உங்கள் காணியைப் பற்றி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நம் நிலம் அலையலையாக மேடும் பள்ளமுமாகப் போவது. அதே மூன்று ஏக்கருக்குள் மேட்டில் நீர் வடியும் செங்கபில மண், சரிவில் அரைகுறையாக வடியும் மண், பள்ளத்தில் சாம்பல் களி என மூன்றும் இருக்கலாம். ஆகவே ஏக்கருக்கு ஒரு குழி என்ற கணக்கு வேண்டாம். மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று வெட்டுங்கள். நீளம் நாலடி, அகலம் மூன்றடி, ஆழம் நாலடி. வெயில் விழும் பக்கச் சுவரைச் செங்குத்தாக விட்டு, கத்தி நுனியால் மேலிருந்து கீழே சுரண்டிக்கொண்டு வர வேண்டும். மண்வெட்டி வழித்த சுவர் பளபளவென்று ஒரே மாதிரித் தெரியும். சுரண்டினால்தான் படைகள் பிரிந்து தெரியும். வேலை முடிந்ததும் குழியைச் சுற்றி முள்ளுப் போடாமல் போகக்கூடாது. மாடு விழும்.

சுவரில் பார்க்க வேண்டியது முதலில் நிறம். நல்ல கபிலம் அல்லது செம்மை கீழ்வரை ஒரே சீராகப் போனால் நீர் வடிகிறது, வேருக்குக் காற்றுப் போகிறது. துரு நிறத்தில் புள்ளிகளும் அவற்றுக்கிடையே சாம்பல் திட்டும் இருந்தால், வருடத்தில் சில காலம் அந்த ஆழத்தில் நீர் நின்றிருக்கிறது. ஓகஸ்டில் குழி காய்ந்து கிடந்தாலும் இந்தப் புள்ளி பொய் சொல்லாது.

ஆனால் பழைய வயலில் துருப்புள்ளியைக் கண்டவுடன் காணியைத் தள்ளிவிடவும் கூடாது. எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நெல்லுக்காக வருடா வருடம் சேறடித்த வயலில் 15 முதல் 25 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு இறுகிய படை இருக்கும். அதற்கு மேலே துருப்புள்ளி நிறைந்து, படைக்குக் கீழே மண் சுத்தமான கபிலமாக இருந்தால், அது மேலே கட்டி நிறுத்திய நீரின் அடையாளம். படையை உடைத்தால் அந்த நீர் இறங்கிவிடும். இதற்கு மாறாக, கீழே போகப் போகச் சாம்பல் நிறம் கூடி, குழியின் அடியில் முழுச் சாம்பலாக இருந்தால், நிலத்தடி நீர் கீழிருந்து மேலே வருகிறது. எந்தக் கலப்பையாலும் அதைத் தீர்க்க முடியாது. வெளியேற்ற வாய்க்கால் ஆழமாக வெட்டி, அந்த நீரைக் கொண்டுபோய் விட ஒரு தாழ்ந்த இடமும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். பக்கத்து வயல்வட்டை உங்கள் காணியைவிட உயரமாக இருந்தால், யோசிப்பதும் வீண்.

இரண்டாவது, வேர். காணியில் நிற்கும் புல்லின், பற்றையின் வேரைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஓரிடத்தில் வேரெல்லாம் ஒடித்துத் திருப்பியதுபோல் பக்கவாட்டில் ஓடினால், கரும்பு வேரும் அங்கேதான் திரும்பும். குழி வெட்டாத இடங்களில் அரை இஞ்சி இரும்புக் கம்பியை, மண் ஈரமாக இருக்கும்போது, கையால் அழுத்திப் பார்க்கலாம். கம்பி நிற்கும் ஆழத்தை இருபது, முப்பது இடத்தில் குறித்தால் இறுகிய படையின் படமே வந்துவிடும். காய்ந்த மண்ணில் இதைச் செய்ய வேண்டாம். நம் கபில மண் காய்ந்தால் மேலிருந்தே கல்லுப்போலாகிவிடும், கம்பி எங்கும் இறங்காது, எல்லாக் காணியும் கெட்ட காணியாகத் தெரியும்.

மூன்றாவது சோதனைக்குக் கண்ணாடிக் குவளையும் மழைத்தண்ணீரும் போதும். உவர் வேறு, களர் வேறு என்பதை நம்மில் பலர் ஒன்றாகப் பேசுகிறோம். உவரில் உப்பு அதிகம். களரில் சோடியம் களியோடு ஒட்டிக்கொண்டு மண்ணின் கட்டமைப்பையே குலைத்துவிடுகிறது. வாவியோரத் தாழ்நிலங்களில் இரண்டும் வரும். மேலே அரை அடி, ஒரு அடி மணற்பாங்கான நல்ல மண், அதன் கீழே தூண் தூணாகப் பிளந்து, மேல்தலை உருண்டிருக்கும் கடும் களி என்று குழியில் கண்டால் களரைச் சந்தேகியுங்கள். அந்தக் களியில் பயற்றங்கொட்டை அளவு நாலு கட்டி எடுத்து நன்றாகக் காயவைத்து, குவளையில் மழைத்தண்ணீர் விட்டு, மெதுவாக உள்ளே இறக்கி, தொடாமல் வையுங்கள். கட்டி உடைந்து குவியலாகி, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பயமில்லை. வெறுமனே உதிர்வது களரின் அடையாளம் அல்ல. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் ஒரு வெண்படலம் பரவி, சில மணி நேரத்தில் குவளையின் அடியே மறைந்தால் அதுதான் களர். இந்தச் சோதனை பிழைப்பது எங்கேயென்றால், தண்ணீரில். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருந்தால் களி கலங்காமல் பிடித்து நிறுத்திவிடும், கெட்ட மண்ணும் நல்ல மண்ணாகத் தெரியும். மழைத்தண்ணீர் இல்லையென்றால் பற்றறிக்கு விடும் தண்ணீர் வாங்கிச் செய்யுங்கள்.

களருக்கு ஜிப்சம் போடலாம் என்று உடனே சொல்வார்கள். ஜிப்சம் சோடியத்தைக் களியிலிருந்து விடுவிக்கும், உண்மை. விடுபட்ட சோடியம் வடிந்து வெளியே போக வழி இருந்தால்தான் அதில் பயன். வடிகால் இல்லாத பள்ளத்தில் ஜிப்சம் கொட்டுவது காசைச் சேற்றில் கொட்டுவதே.

நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று பார்க்க, மாரிக்கு முன், இதே காணியில் ஒரு குழாயை இறக்கிவிட வேண்டும். இரண்டு இஞ்சி பீவீசீ குழாய் ஆறடி. அதில் கீழ் மூன்றடிக்கு அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை, மேலே ஒரு மூடி. துளைப்பானால் ஐந்தடி ஆழத்துக்குத் துளைத்து, குழாயை இறக்கி, துளையுள்ள பகுதியைச் சுற்றிப் பருமணல் போட்டு, மேல் ஒரு அடியைக் களியால் அடைக்க வேண்டும். களி அடைக்காவிட்டால் மழைநீர் குழாயோரமாகவே இறங்கிக் கணக்கைக் குழப்பும். பிறகு நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை, கிழமைக்கு ஒரு நாள், ஒரு கோலை விட்டு நனைந்த அளவைப் பார்த்து நாட்காட்டியில் எழுதுவது. அவ்வளவுதான் வேலை. நல்ல கரும்புக் காணியில் நீர் ஒன்றரை மீற்றருக்குக் கீழே நிற்கும். பெருமழையோடு நீர் மேலே வந்து இரண்டு மூன்று நாளில் இறங்கினால் பயமில்லை. இரண்டடிக்குள் வந்து இரண்டு கிழமைக்கு மேல் நின்றால், அந்த ஆழத்துக்குக் கீழே போன வேர் அழுகும். மாரி முடிந்து பங்குனியில் வெயில் ஏறும்போது குட்டை வேரோடு நிற்கும் கரும்பு முதலில் வாடும். நீர் கூடியதால் கெட்ட பயிர், நீர் போதாமல் வாடுவதாகத் தோன்றும். பாவம், அதற்கு இன்னும் தண்ணீர் கட்டுவார்கள்.

உப்புக் கணக்குக்கு வருகிறேன். பலர் ஏமாறுவது இங்கேதான். உப்பு கூடக் கூட மின்கடத்துதிறன் கூடும். கரும்புக்கு உப்பின் எல்லை, நிறைவூட்டிய மண்சாற்றில் (மண்ணை நீரில் குழைத்துப் பிரித்தெடுத்த சாறு) அளந்த மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.7 டெசிசீமன்ஸ். அதுவரை விளைச்சல் குறையாது. 3.4 ஆனால் பத்தில் ஒரு பங்கு போகும், சுமார் 6 இல் காற்பங்கு, 10 இல் பாதி. ஆனால் ஆய்வுகூடத் தாளில் வரும் எண் பல நேரம் இந்த முறையில் அளந்தது அல்ல. ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து அளந்தது. அந்த எண்ணை மணற்பாங்கான இருவாட்டி (மணலும் களியும் கலந்த) மண்ணுக்கு ஏறத்தாழ 14 ஆலும், களி இருவாட்டிக்கு ஏறத்தாழ 9 ஆலும் பெருக்கினால்தான் மேலே சொன்ன எல்லையோடு ஒப்பிடலாம். தாளில் 0.4 என்று இருந்தால் ‘ஒன்றுக்கும் குறைவு, உப்பில்லை’ என்று மகிழ்வார்கள். மணற்பாங்கான மண்ணில் அது 5.6. காற்பங்கு விளைச்சல் கையைவிட்டுப் போன காணி அது. எந்த முறையில் அளந்தது என்று கேட்டுத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். கிணற்று நீரை ஓகஸ்ட் கடைசியில் எடுத்து அளக்க வேண்டும். நீரின் மின்கடத்துதிறன் 1.1 வரை தாராளமாகப் பாய்ச்சலாம், 2.3 ஐத் தாண்டினால் பத்தில் ஒன்றுக்கு மேல் இழப்பு. காணியில் உப்பு நிலத்துச் செடியான உமிரி முளைத்திருந்தால் இத்தனை கணக்கும் வேண்டாம். கோரை அடர்ந்திருந்தால் நீர் நிற்கும் நிலம். பாலையும் முதிரையும் வீரையும் நின்ற காடாக இருந்தால் நீர் வடியும் மேடு என்று பெரும்பாலும் நம்பலாம்.

மண் மாதிரி எடுக்கும் முறை பலருக்கும் தெரிந்ததே, சுருக்கமாகச் சொல்கிறேன். மேடு, சரிவு, பள்ளம் மூன்றையும் கலக்காமல் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடத்தில் சருகை ஒதுக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரே தடிப்பில் சீவல். 0 முதல் 30 சென்ரிமீற்றர் ஒரு பை, 30 முதல் 60 வரை இன்னொரு பை. இரண்டாவது பைதான் முக்கியம், அதைத்தான் யாரும் எடுப்பதில்லை. கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்துங்கள். வரம்போரம், மாட்டுப்பட்டி கிடந்த இடம், சூடடித்த களம், புற்று, மரநிழல் எல்லாம் விலக்கு. உரப்பையில் போடக்கூடாது. ஒரு பிடி யூரியாத் தூசு ஒட்டியிருந்தாலும் தாள் முழுக்கப் பொய்யாகிவிடும்.

இனி நீர் போதுமா என்ற கேள்வி. கரும்புக்கு ஒரு வருடத்துக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீற்றர் நீர் வேண்டும். மட்டக்களப்பில் வருட மழை சுமார் 1,650. எண்ணைப் பார்த்தால் போதும் போலத் தெரியும். அதில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை பாய்ச்சல்தான். நன்கு வளர்ந்த கரும்பு அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீற்றர் குடிக்கும். அது ஒரு ஏக்கருக்கு 24,000 லீற்றர். கிணறோ பூவலோ நம்பிச் செய்பவர் இந்த எண்ணை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

வாய்க்கால் நீரை நம்புபவருக்கு வேறு கணக்கு. மணற்பாங்கான இருவாட்டி ஒரு மீற்றர் ஆழத்துக்குச் சுமார் 120 மில்லிமீற்றர் நீரைப் பயிருக்காகப் பிடித்து வைக்கும். வேர் 60 சென்ரிமீற்றர் என்றால் 70. அதில் அறுபது வீதத்தைப் பயிர் வருந்தாமல் எடுக்கும்: 42 மில்லிமீற்றர், அதாவது ஏழு நாள். களி இருவாட்டியில் பத்து நாள். மண்ணில் மூன்றிலொரு பங்கு பரல் கல் இருந்தால் அந்த ஏழு நாள் ஐந்துக்கும் குறையும். இறுகிய படை 25 சென்ரிமீற்றரில் தடுத்தால் மூன்று நாள். இப்போது உங்கள் வாய்க்காலில் எத்தனை நாளுக்கு ஒரு முறை நீர் வருகிறது என்று பாருங்கள். முறை பத்து நாளுக்கு ஒன்று என்றால், மணற்காணியில் மூன்று நாள் பயிர் பட்டினி, ஒவ்வொரு முறையும். இன்னொன்று, பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும், மூடும் திகதி நெல்லைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. சிறுபோக நெல் முதிர்ந்ததும் வாய்க்கால் மூடப்படும். கரும்பு அப்போது வயலில் நிற்கிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் வலதுகரையில் ஹிங்குரானைப் பக்கம் கரும்புக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கும், நெல் வட்டைக்கு நடுவே ஒருவர் தனியாக வைக்கும் கரும்புக்கும் உள்ள வித்தியாசம் மண்ணில் மட்டும் இல்லை. சுற்றிவர நெல்லுக்கு நீர் கட்டியிருக்கும்போது நடுவில் நிற்கும் கரும்புக்காணிக்கு அந்த வயல்களிலிருந்து ஊறும் நீர் முழுவதும் வந்து சேரும்.

வயலை மாற்றுவதென்றே முடிவானால், இறுகிய படையை ஓகஸ்டில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, ஆழக்கலப்பையால் 45 சென்ரிமீற்றர் வரை கிழிக்க வேண்டும். ஈரத்தில் கிழித்தால் படை நொறுங்காது, கலப்பை போன வழி மட்டும் வெண்ணெயில் கத்தி விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போய் மறுபடி மூடிக்கொள்ளும். வயற்காணி என்று பதிவான நிலத்தில் கமநல சேவை நிலையத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

சரிவைக் கொத்தனார் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயால் பார்க்கலாம். நூறடிக்கு மூன்றடிக்கு மேல் இறங்கினால் கரும்பு வரிசைகளுக்கு இடையிலான சாலில் நீர் பாய்ச்சும்போது மண் அரிக்கும், சால்களைச் சரிவுக்குக் குறுக்கே திருப்ப வேண்டும். யானை வரும் பாதையா என்று ஊராரைக் கேளுங்கள், அதற்கு மண் ஆய்வு தேவையில்லை. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைக்காவிட்டால் சீனி குறைந்துகொண்டே போகும். ஆகவே லொறி காணிவரை மழைக்காலத்திலும் வருமா, ஆலைக்கு எத்தனை மணி நேரம் என்பதும் காணியின் தகுதியில் சேரும். ஆலை தூரத்தில் இருக்கும் மட்டக்களப்புப் பக்கத்தாருக்கு மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது ஒன்றே போதும், திட்டம் கவிழ.

கரும்புக்குக் காணி பார்க்கப் போகும் உத்தியோகத்தர்களிடமும், விவசாய அமைப்புகளிடமும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் நிரப்பும் தாளில் பீஎச் பக்கத்தில் நாலு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: ஜனவரியில் நிலத்தடி நீர் நின்ற ஆழம், 30 முதல் 60 சென்ரிமீற்றரில் ஓகஸ்ட் மின்கடத்துதிறனும் அதை அளந்த முறையும், வேர் நின்ற ஆழம், வாய்க்காலில் இரண்டு முறைக்கு இடையிலான நாள். நாலில் ஒன்று வெறுமையாக இருந்தாலும் ‘உகந்தது’ என்று கையொப்பம் இட வேண்டாம். உடவளவையிலுள்ள கரும்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆலோசனை கேட்டு எழுதுபவர்களும் இந்த நாலையும் சேர்த்தே அனுப்புங்கள். வெறும் பீஎச்சோடு போகும் கடிதத்துக்கு அவர்களாலும் திருப்பிக் கேள்விதான் கேட்க முடியும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர்,
அக்கரைப்பற்று.